மிதித்தபடி

"மிதி" என்றான் அண்ணன், மிதித்தேன். "இன்னும்" என்றான், இன்னும் மிதித்தேன், முட்டி நேராகி, இடுப்பு பின்னால் போய் இருக்கைத் தகட்டில் முட்டி, கிளட்ச் பெடல் கடைசிவரை இறங்கி நின்றது. "அப்புடியே வச்சிக்க. நான் சொல்றவரைக்கும் வுட்றாத பாப்பா, கை உள்ள இருக்கு." கை உள்ளே இருக்கிறது. சோறு வெந்துவிட்டது என்று சொல்வதுபோல் அதைச் சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான், எனக்குத்தான் அந்தச் சொற்கள் பெடல் வழியாக ஏறி முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டன. டிராக்டரின் வயிற்றுக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடக்கிறான், மேலேயிருந்து பார்க்கிற எனக்கு அவனுடைய பாதங்களும் கைலியின் ஓரமும் மட்டும் தெரிகின்றன, என் அண்ணன் நல்லதம்பி என்பவன் இப்போது இரண்டு பாதங்கள், ஒரு குரல், இரும்பைச் சுரண்டுகிற ஒரு சத்தம். அடிமூடியைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக வலது கையை உள்ளே விட்டு, இரும்பறுக்கிற ஆக்சா பிளேடின் முறிந்த துண்டு ஒன்றால், துருவில் ஒட்டிப்போன கிளட்ச் தகட்டை நெம்பிக்கொண்டிருக்கிறான். பெடல் மிதிபட்டிருக்கும்வரைதான் உள்ளே பிளேடு நுழைய இடம். நான் காலை எடுத்தால் உள்ளேயிருக்கிற சுருள்கம்பிகள் எல்லாம் சேர்ந்து இரும்பை இரும்போடு அறையும், நடுவில் விரல் இருந்தால் விரலோடு. மழைக்காலம் முழுக்க நகராமல் நின்ற பழைய வண்டி. "வண்டிய ரெண்டாப் பிரிச்சாத்தாங்க ஆவும்" என்று துறையூர் மெக்கானிக் போனில் சொன்னார், "பிரிக்கிறதெல்லாம் அப்பறம், மொதல்ல பிளேடு வுட்டுப் பாக்கறேன்" என்று இவன் படுத்துவிட்டான். அதற்கு மேலே ஓர் ஆள் மிதித்துக்கொண்டு உட்கார வேண்டும். திருச்சியில் சட்டம் படிக்கிற தங்கச்சி விடுமுறைக்கு வந்து சும்மாதானே இருக்கிறாள், அவள் வாய்க்குத்தான் வேலை, காலுக்கு என்ன.

ஆனால் பார், பொம்பளைக் கால் பத்தாது என்று சொன்னவனும் இவன்தான். வண்டி சுவரை இடித்த பிறகு கூடத்தில் பெரியப்பாவும் மாமாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் உட்கார்ந்திருக்க, சுவரோரம் நின்ற அண்ணியை ஒருமுறைகூடப் பார்க்காமல் சொன்னான், "வண்டி மேல தப்பில்ல பெரியப்பா. பொம்பளைக் காலு, முழுசா மிதிக்கப் பலம் பத்தல, பாஞ்சிடுச்சு." எல்லாரும் தலையாட்டினார்கள். பார்த்த சாட்சி யார், பலத்தை அளந்தது யார், இதற்கு முன்னால் அந்தக் கால் மிதித்து வண்டி நின்ற நாட்களை என்ன செய்வீர்கள், நான் கேட்டேன், கேட்க ஆரம்பித்தேன், பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு "சரி, வேலை கெடக்கு" என்று எழுந்துவிட்டார், அவர் எழுந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான், அண்ணி எனக்குப் போனில் சொன்னது, அழாமல் சொன்னது. ஹேண்ட் பிரேக் பிடிக்காத வண்டி, அதனால் கியரில் போட்டு நிறுத்துவதுதான் எங்கள் வீட்டு வழக்கம், அப்பா இருந்த காலத்திலிருந்தே. அண்ணி ஏறி உட்கார்ந்தாள், கிளட்சை மிதித்தாள், சாவியைத் திருப்பினாள். மிதித்தால் எஞ்சின் வேறு சக்கரம் வேறு ஆக வேண்டும், ஆகவில்லை, தகடு ஒட்டியிருந்தது. எஞ்சின் பிடித்த அந்த நொடியே வண்டி முன்னால் பாய்ந்து மாட்டுக்கொட்டகைச் சுவரை இடித்தது, அந்தப் பக்கம் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த அம்மாவின் பாதத்தில் கல் சரிந்தது. "மிதிச்சேன் கொடி, அடிவரைக்கும் மிதிச்சேன், அது வுடல." அறிவுக்கொடி என்கிற என் பெயரைக் கொடி என்று அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவது வெளியிலிருந்து வந்த அண்ணி ஒருத்திதான், வீட்டில் எல்லாருக்கும் நான் பாப்பா, இல்லையென்றால் வக்கீலு. இப்போது அதே பெடலில் இன்னொரு பொம்பளைக் காலை வைத்துவிட்டு, அதை நம்பி, உள்ளே கையை விட்டுக்கொண்டு கிடக்கிறான். இதைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும். ஆனால் நிரூபணத்தைப் பார்க்க வேண்டியவன் வண்டிக்கடியில் கிடக்கிறான், பார்க்கிறவள் நான் ஒருத்திதான், எனக்கு அது முன்னாலேயே தெரியும்.

கால் வலிக்கவில்லை. இன்னும் வலிக்கவில்லை. தொடைக்கு மேல் ஒரு நரம்பு மட்டும் கம்பி மாதிரி நிற்கிறது. செருப்பைக் கழற்றியிருக்க வேண்டாமோ, பெடலின் வரிகள் உள்ளங்காலில் பதிகின்றன, வியர்த்தால் வழுக்குமோ, வியர்க்கும், மாசி வெயில், முந்தாநாள் பெய்த மழையில் மண் இன்னும் ஈரவாசம் விட்டுக்கொண்டிருக்கிறது, உழவுக்கு ஏற்ற பதம், தெற்குத் தெருப் பெண்கள் காலையிலிருந்து இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், ரேணுகா இல்லியா, ரேணுகா வருதா என்று, என் அண்ணியைத்தான். அண்ணன் மஸ்கட்டில் இருந்த காலமெல்லாம் அவள்தான் அவர்கள் கொல்லைகளை உழுதாள். காய்ந்த ஏரிக்குள் தனியாக ஓட்டிப் பழகினாள், ஆடு மேய்க்கிறவர்கள் கைதட்டிச் சிரித்தார்களாம், பிறகு அவர்களும் உழவுக்குக் கூப்பிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு வருவாள், வரப்பை அணைத்து உழுவாள், உழவு முடிந்ததும் பாட்டில் வாங்கிக் கொடு என்று நிற்க மாட்டாள். மழையில் வண்டி நின்றால் தகடு ஒட்டிக்கொள்ளும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, கருவேலங்கிளை ஒன்றை வெட்டி, ஒரு நுனியில் பெடலுக்கேற்ற பள்ளம் செதுக்கி வைத்திருந்தாள். வண்டியை நிறுத்தினால் பெடலை மிதித்து, பள்ளத்தைப் பெடலில் பொருத்தி, மறுநுனியை இருக்கையின் கீழ்ச்சட்டத்தில் முட்டுக்கொடுத்து, இறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கல் வைப்பாள். ராத்திரியெல்லாம் ஒருத்தி மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுபோல அந்தக் குச்சி உட்கார்ந்திருக்கும். ஐப்பசியில் அண்ணன் திரும்பி வந்தான். "என்னாடி இது, வண்டிக்கு முட்டுக்கோலா, நொண்டியா போச்சா" என்று சிரித்தான். கார்த்திகையில் அண்ணி தங்கையின் பிரசவத்துக்காகப் பிறந்த வீடு போனாள். அந்த வாரமே ஆட்டுப்பட்டிப் படலின் தாழ் ஒடிந்தது, கைக்கு வந்த குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் படலில் செருகிவிட்டான். அடைமழை, வண்டி சும்மா நின்றது. திரும்பி வந்த அண்ணி குச்சி எங்கே என்று கேட்டதற்கு, "எல்லாம் ஓட்டித்தான் பாத்தேன், நல்லாருக்கு" என்றிருக்கிறான். ஓட்டிப் பார்க்கவில்லை, அதை நம்பித்தான் அவள் அன்றைக்குச் சாவியைத் திருப்பினாள். குச்சி இன்னும் அங்கேதான் இருக்கிறது. இந்த இருக்கையில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரிகிறது, படலின் குறுக்கே, செதுக்கிய பள்ளம் என்னைப் பார்த்தபடி. அந்தப் பக்கம் ஒரு கருப்பு ஆடு அதன் மேல் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. இந்த வீட்டில் எல்லாரும் தினமும் அந்தக் குச்சியை உருவிச் செருகித்தான் ஆட்டை விடுகிறோம், அடைக்கிறோம். யாருக்கும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

"ஏய் பாப்பா, முடிஞ்சுதா இல்லியா" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணையில் ஏற்றிவைத்துக்கொண்டு கட்டிலிலேயே கிடக்கிறவள், வாசலில் நடக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். "இல்லம்மா." "நாளைக்கு அந்தக் குமரேசன் பய வண்டி எடுக்க வந்துருவான், சொல்லு அண்ணன்ட்ட." குமரேசன் கூலிக்கு ஓட்டுகிறவன். நாளையிலிருந்து அவன்தான் ஓட்டப்போகிறான், அண்ணி சாவியைத் தொடக்கூடாது, இது பிறகு இன்னொரு நாள் கூடத்தில் முடிவானது, அண்ணி இல்லாமல், நான் இல்லாமல். அண்ணி அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. விபத்து நடந்த அன்று தெருவே பார்க்க அவன் அவளை அறைந்தான், அதற்கும் சொல்லவில்லை. நான் வந்து குதித்தேன், சொல்லுங்க அண்ணி, குச்சிய எடுத்தது யாருன்னு கேளுங்க, அவள் வெங்காயத் தாளை அரிந்துகொண்டே, "கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு கொடி, அப்பறம் நான் யாருக்கிட்ட பேசறது, செவுத்துக்கிட்டயா" என்றாள். எழுந்துபோய்விடுவார். அதுதான், அதுதான் என் ஆயுள் முழுக்கத் தொண்டையில் நிற்கிற முள். இந்த வீட்டில் எந்த வாதமும் தோற்பதில்லை, ஜெயிப்பதுமில்லை, எழுந்துபோய்விடும். அப்பா அப்படித்தான், இலையில் கைகழுவிவிட்டுப் போவார். பெரியப்பாவுக்குத் துண்டு. அண்ணனுக்கு பைக் சாவி. கல்லூரியில் பேச்சுப்போட்டிக் கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது எனக்கு வந்த சந்தோஷம் கோப்பைக்கு இல்லை, எதிர்த்துப் பேசினவன் கடைசிவரை உட்கார்ந்திருந்தான் என்பதற்கு. சுரண்டல் சத்தம் நின்று மறுபடி தொடங்கியது. பாதங்கள் கொஞ்சம் அசைந்தன. அப்போதுதான், தண்ணீருக்கடியில் ஏதோ நகர்வதுபோல, அது எனக்குத் தெரிந்தது. இவன் இப்போது எழுந்துபோக முடியாது.

கேட்காதே என்றும் தோன்றியது. கேட்காமல் எப்படி இருப்பாய் என்றும். "அண்ணே." "ம்." "பொம்பளைக் கால் பத்தாதுன்ன." "என்னாது." "பத்தாதுன்னு சொன்னியே, பெரியப்பாகிட்ட. இப்ப யாரு காலு மிதிச்சிக்கிட்டிருக்கு." சத்தம் நின்றது. "வக்கீலு ஆரம்பிச்சிருச்சா" என்று வண்டிக்கடியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, அசட்டுச் சிரிப்பு, "கம்முனு இரு, வேலையப் பாக்க வுடு." "பாரு. நானா தடுக்கறேன். குச்சிய யாரு எடுத்தா?" "எந்தக் குச்சி." "எனக்கு நேரா தெரியுது, படல்ல இருக்கு. உனக்கு அங்கேர்ந்து தெரியல, அவ்வளவுதான்." பிளேடு ஒருமுறை கிறீச்சிட்டது. கால் இப்போது வலிக்கிறது. வலி என்று சொல்வதுகூடத் தப்பு, அது என்னுடைய கால் என்பதே மெல்லக் கழன்று போகிறது, தொடையிலிருந்து கீழே வேறு யாரோ ஒருத்தியின் கால், அவளிடம் நான் கெஞ்ச வேண்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால், எதிரே லாரி வரும்போது என் கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும், தோழிகள் சிரிப்பார்கள், என்னால் எதையும் நிறுத்த முடியாது என்று தெரிந்தும் மிதிக்கிற கால் அது. இப்போது நிஜமாகவே எல்லாம் அதன் கையில், இல்லை, காலில், பார், சொல்லும் குழம்புகிறது. ஓர் எறும்பு கணுக்காலில் ஏறுகிறது. குனிந்து தட்டினால் பிடி தளரும். கடித்தால் என்ன செய்வேன், கடித்தால் உதறுவேன், உதறுவது நானா, அனிச்சையாகச் செய்ததற்குக் குற்றமில்லை என்று பாடத்தில் படித்திருக்கிறேன், ஏன் அது இப்போது ஞாபகம் வருகிறது, எதற்காக அதைத் தேடி எடுக்கிறேன், யாருக்காக வாதாடத் தயாராகிறேன். அண்ணியின் கன்னத்தில் விழுந்ததும் அந்தக் கைதானே. வலது கை. இல்லை. இதை நான் நினைக்கவில்லை. நினைத்துவிட்டேன்.

"நாந்தான் எடுத்தேன்" என்றான் கீழேயிருந்து. சத்தமே இல்லாமல் சொன்னான், பாதங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, குளிரும்போது குழந்தைகள் ஒட்டிக்கொள்வதுபோல. "எடுத்தேன், இப்ப என்னாங்கற. எனக்கு என்னா தெரியும் ஒட்டிக்கும்னு." "தெரிஞ்சவங்களைக் கேட்டிருக்கலாம்ல." பிளேடு மறுபடி சுரண்டத் தொடங்கியது. "ஓட்டிப் பாத்தேன்னு அண்ணிகிட்ட ஏன் சொன்ன?" "பாப்பா, நல்லா மிதிச்சிருக்கியா?" "மிதிச்சிருக்கேன். நாளைக்கு யாரு ஓட்டறது?" "காலு ஆடுது உனக்கு. எனக்கு இங்க தெரியுது, உள்ள தகடு அசையுது." "யாரு ஓட்டறது அண்ணே?" "சரி, அவளே ஓட்டட்டும்" என்றான், வேகவேகமாக, ஒரே மூச்சில், "அவளே ஓட்டட்டும், குமரேசனை வேணாங்கறேன், நீ காலை ஆட்டாத." ஜெயித்துவிட்டேன். இந்த வீட்டில் முதன்முதலாக ஒருவன் கடைசிவரை இருந்து கேட்டு, பதில் சொல்லி, ஒத்துக்கொண்டிருக்கிறான். ஜெயித்த மாதிரி ஏன் இல்லை. கால் ஆடுவது களைப்பில், அதை நான் ஆட்டவில்லை, சத்தியமாக ஆட்டவில்லை, ஆனால் அவன் அதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டான். விட்டுவிடுவேன் என்று நினைத்தான். கூடப்பிறந்தவள், இவனுக்குச் சளி பிடித்தால் விக்ஸ் தேய்த்தவள், விட்டுவிடுவாள் என்று. அப்படி நினைக்கிற அளவுக்கு என் குரலில் என்ன இருந்தது. காவல்நிலையத்தில் வைத்து வாங்கின வாக்குமூலம் செல்லாது, முதல் வருஷப் பாடம், காரணமும் படித்திருக்கிறேன், பயத்தில் சொன்னது பயம் போனதும் போய்விடும். இந்தச் சம்மதம் என் கால் மிதிபட்டிருக்கும்வரை செல்லும். பிறகு கை வெளியே வரும், கழுவப்படும், துடைக்கப்படும், சட்டையைப் போட்டுக்கொள்ளும். அண்ணி சரி சரி என்று தலையாட்டுவதும் இப்படித்தானே, ஓங்கிய கை இறங்கும்வரைக்கும் ஒரு சரி. அவன் அவளிடம் வாங்குகிற அதே சரியை நான் அவனிடம் வாங்கிவிட்டேன். இல்லை, இரண்டும் ஒன்றா, அவன் அறைந்தான், நான் ஒரு கேள்வி கேட்டேன், எடையே வேறு. வேறுதான். வேறு என்றால் ஏன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். "வுட்ருச்சு" என்றான் திடீரென்று, உள்ளே டக்கென்று ஒரு சத்தம், "தகடு வுட்ருச்சு பாப்பா, சுத்துது. இரு, துருவத் துடைச்சிட்டு எடுத்துடறேன், கொஞ்சம் இரு, வுட்றாதம்மா." அம்மா என்கிறான். வுட்றாதம்மா. இவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

கால் போய்விட்டது. வலியில்லை, பாரமில்லை, பெடல் மேலே வருகிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக் கீழே அமுக்கினேன், தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும், கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்த அண்ணி அப்படியே குடத்தை வைத்துவிட்டு நெருங்கினாள். என் காலைப் பார்த்தாள். வண்டிக்கடியில் பார்த்தாள். ஈரக்கையை என் முட்டிமேல் வைத்து ஒருமுறை அழுத்தி, "இரு" என்றாள், "இந்தா வந்துட்டேன்." ஆட்டுப்பட்டிக்குப் போய்ப் படலிலிருந்து குச்சியை உருவினாள். படல் சாய்ந்தது. கருப்பு ஆடு முதலில் தலையை நீட்டி யோசித்துவிட்டு வெளியே வந்தது, பின்னாலேயே மற்றவையும். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்து குனிந்து, பள்ளத்தைப் பெடலில் பொருத்தி, மறுநுனியைச் சட்டத்தில் கொடுத்து, உள்ளங்கையால் தட்டினாள். "எடு" என்றாள். எடுக்க முடியவில்லை. விடாதே என்பது மட்டும்தான் அந்தக் காலுக்குத் தெரிந்திருந்தது. "எடு கொடி, அது புடிச்சிக்கும்" என்று அவளே என் கணுக்காலைப் பிடித்துத் தூக்கினாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஒன்றும் நடக்கவில்லை. பெடல் அசையவில்லை. கீழே துடைக்கிற சத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது, அவனுக்கு யார் மிதிக்கிறார்கள் என்றே தெரியாது.

இறங்கி நின்றபோது மண் சாய்ந்தது, மட்கார்டைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, நாளைக்கு நீங்களே ஓட்டலாம்னு அண்ணன் ஒத்துக்கிச்சு." "எப்ப?" "இப்பத்தான்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கை உள்ள இருக்கறப்பவா?" திட்டுவாள் என்று பார்த்தேன், சிரிப்பாள் என்று பார்த்தேன், இரண்டுமில்லை, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிப் பக்கத்தில் குந்தினாள். "என்னாங்க, கையை எடுங்க." "ரேணுகாவா? பாப்பா எங்க?" "இங்கதான் நிக்கிது. பெடல்ல குச்சி குடுத்திருக்கேன். கையை எடுத்துட்டு வெளிய வாங்க." ஊர்ந்து வெளியே வந்தான். முழங்கைவரை துருவும் கரியும். பெடலைப் பார்த்தான், குச்சியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான், அண்ணியை அல்ல, என்னை, தெருவில் பழகாத நாயைப் பார்ப்பதுபோல. "இப்ப சொல்லுங்க" என்றாள் அண்ணி, "நாளைக்கு யாரு ஓட்டறது." அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினான். எல்லாம் இருந்தன. "ஆடு கடலையில எறங்குது" என்று சொல்லிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினான். போய்விட்டான். துண்டு இல்லை, பைக் சாவி இல்லை, இந்த முறை ஆடு.

அண்ணி அவன் போன திசையைப் பார்க்கவில்லை. சாக்கில் படுத்து அடிமூடியைப் பொருத்தி முடுக்கினாள், குச்சியை உருவி என்னிடம் கொடுத்தாள், பெடல் தடியின் திருகை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்புவாள், பெடலைக் கையால் தொட்டுப் பார்ப்பாள், முதலில் தொளதொளவென்று வந்து பிறகு இறுக வேண்டும், அந்த இடம் வரும்வரை திருப்பினாள், தொட்டாள், திருப்பினாள். குமரேசனுக்காகத்தான் இந்த வேலையும் ஆகப்போகிறதா என்று எனக்கு எரிந்தது, கேட்கவில்லை. ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் இருமிப் பிடித்தது, இடிந்த சுவருக்கு நேர் எதிரே நிற்கிறது வண்டி, இடித்த பிறகு பின்னால் தள்ளி நிறுத்தியது, அன்று நின்ற அதே இடம். மிதித்தாள், கியர் சத்தமில்லாமல் விழுந்தது, காலை மெல்ல மெல்ல விட்டாள், சக்கரம் நகர்ந்தது, சுவரைப் பார்த்தே நகர்ந்தது, எதற்காக அங்கே போகிறாள், இன்னும் போகிறாள், கொல்லையில் கருப்பு ஆட்டின் காதைப் பிடித்தபடி அண்ணன் நிமிர்ந்து நின்றுவிட்டான். "யாருடி அது வண்டியெடுக்கறது, தம்பியா?" என்று உள்ளேயிருந்து அம்மா. சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது மிதித்தாள். வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டேயிருக்க, சக்கரம் அசையாமல் நின்றது. "யாருடி ஓட்றது, கேக்கறேன்ல" என்றாள் அம்மா மறுபடியும். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது, எப்போதும் இருக்கும், நான் அதைச் சொல்லவில்லை. அண்ணன்தான் சொல்ல வேண்டும், அவனைப் பார்த்தேன். ஆடு திமிறியது, அவன் பிடியை விடவில்லை, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. குச்சி என் கையில் இருந்தது. என் இடது கால் மட்டும், மிதிக்க ஒன்றுமில்லாத மண்ணை, இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.